வெண்கலத்துக்கு வரும் நோய்: எழும்பூர் மியூசியத்தில் கண்ணில் படாத வேலை

"எழும்பூர் மியூசியத்துல இப்ப புதுசா என்ன?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கண்காட்சி, சொற்பொழிவு என்று அறிவிப்புப் பலகையில் ஏதாவது இருக்கும். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வேறு. ஆனால் அது வரும் நேரத்தைக் கவனித்தீர்களா? சென்னையில் மழை அதிகமாகக் கொட்டும் மாதம் நவம்பர்தான். நமக்கு அது மரபைக் கொண்டாடும் வாரம். பழைய வெண்கலச் சிலைகளுக்கோ அது ஆபத்தான காலம். ஏன் என்று சொல்கிறேன்.

பச்சையில் இரண்டு வகை

செம்புப் பாத்திரத்தை நாலு நாள் ஈரத்தோடு விட்டால் களிம்பு ஏறும். பழைய சிலைகளின் மேலும் பச்சை இருக்கும். அதில் ஒரு வகை நல்லது. கெட்டியாக, வழவழவென்று, கரும்பச்சையாகப் படிந்திருக்கும். பல நூற்றாண்டுகளில் உருவான இந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் போர்வை மாதிரி.

இன்னொரு வகை வெளிர்பச்சைப் பொடி. மாவு தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வரும், தொட்டால் உதிரும். இதற்குத்தான் 'வெண்கல நோய்' என்று பெயர். ஒரு காலத்தில் இது கிருமியால் வருவது என்றே நம்பியவர்களும் உண்டு. உண்மையில் காரணம் உப்பு.

உப்பு எப்படி உள்ளே போனது?

ஆபத்துக் காலங்களில் கோயில் சிலைகளை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். பிற்பாடு ஏர் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ அவை வெளியே வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். எழும்பூரில் இருக்கும் வெண்கலங்களில் பல அந்த வழியாக வந்தவைதான்.

மண்ணுக்குள் கிடந்த காலத்தில், மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, மேல் படலத்துக்கு அடியில் தங்கிவிடும். அதுவரை தொல்லை இல்லை. சிலை வெளியே வந்ததும் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் அதைத் தொடும். அப்போது வெளிர்பச்சைப் பொடி உண்டாகும், கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அந்த அமிலம் புதிய செம்பை அரிக்கும். அரித்ததில் மறுபடி செம்புக் குளோரைடு. அது மறுபடி ஈரத்தோடு சேரும். குளோரைடு செலவாவதே இல்லை. எவ்வளவு வட்டி கட்டினாலும் முதல் குறையாத கடன் மாதிரிதான் இது. இப்படியே விட்டால் முகத்தின் நுணுக்கம், நகை வேலைப்பாடு, பீடத்துக் கல்வெட்டு எழுத்து எல்லாம் குழி விழுந்து போகும்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது என்ற பொருளில். வேதியியல், களிம்பு வெளியிலிருந்து வந்தது என்கிறது. ஆனால் லேசில் விடாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன!

1930-இல் வந்த வைத்தியசாலை

1851-இல் தொடங்கிய இந்த மியூசியத்தில் 1930-இல் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் வந்தது. அங்கே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் சிலைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

செய்முறை இதுதான். சிலையைக் காஸ்டிக் சோடா கரைசலில் இறக்கி, மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைப்பார்கள். நேர்முனையில் இரும்புத் தகடு. மெல்லிய மின்சாரம் ஓட ஓட, குளோரைடு சிலையை விட்டுக் கரைசலுக்குள் இறங்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டால் பால் மாதிரி கலங்குகிறதா? அப்படியானால் இன்னும் உப்பு இருக்கிறது. கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை கழுவல் தொடரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மின்பகுப்பு நல்ல பச்சையையும் சேர்த்தே உரித்துவிடும். உள்ளே உலோகம் நிறைய அரித்துப்போன சிலைக்கு அந்தப் படலம்தான் உருவமே. உரித்தால் சிலையே போச்சு. அதனால் எல்லாச் சிலைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பிற்காலத்தில், படலத்தை விட்டுவைத்து, பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளால் செம்பின்மேல் மெல்லிய காப்பு ஏற்படுத்தும் முறையும் உலகெங்கும் பரவியது.

எதைச் செய்தாலும் 'குணமாச்சு, டிஸ்சார்ஜ்' என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குளோரைடு உள்ளே மிச்சம் இருந்தாலும், ஈரம் ஏறினால் நோய் திரும்பும். காற்றின் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அடங்கியிருக்கும். கடலோரச் சென்னையில் அந்த அளவு தானாக வருவது அபூர்வம். மழைக்காலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படங்களைப் பார்த்தே வியந்து எழுதிய திருவாலங்காட்டு நடராசர் இருப்பது இந்த மியூசியத்தில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெண்கலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை.

நம்ம வீட்டுப் பூஜை அறை

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய பஞ்சலோகச் சிலை இருக்கும் வீடுகள் உண்டு. தினசரி ஏற்றும் விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதில் தப்பில்லை. தலைமுறை தாண்டிய சிலைக்கு அது வேண்டாம். புளியின் அமிலம் நல்ல படலத்தை எடுத்துவிடும். கூட உப்பும் போட்டுத் தேய்த்தால், நோய்க்கு வேண்டிய குளோரைடை நாமே கொடுத்த மாதிரி. நிலத்தில் கிடைத்த சிலைக்கும் இதே விதிதான்: தேய்க்காமல், கழுவாமல் அப்படியே தகவல் சொல்ல வேண்டும்.

வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால், மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சிலையை வெள்ளைத் தாள்மேல் சில நாள் வைத்துப் பாருங்கள். மறுபடி பொடி உதிர்ந்திருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

அடுத்த தடவை பாந்தியன் சாலைப் பக்கம் போனால் (வெள்ளிக்கிழமை விடுமுறை) வெண்கலக் கூடத்தில் பச்சையின் நிறத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு சிலை போன வருஷம் இருந்த மாதிரியே இந்த வருஷமும் இருந்தால், மியூசியத்தில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை.