ஐஸ்லாந்தைச் சுற்றுவதா, ஐஸ்லாந்தில் பிரயாணம் செய்வதா?

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் காரியாலயத்திற்கு வந்து, ஒரு காகிதத்தை நம் மேஜைமீது விரித்தார். சட்டக் கலாசாலையில் நம்முடன் வாசித்தவர். பின்னர் வக்கீல் தொழிலை விட்டு வியாபாரத்தில் இறங்கியவர். அக்காலத்தில், விடுதிச் சுவரில் மாட்டியிருந்த பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டு, என்றேனும் ஒருநாள் ஐஸ்லாந்துத் தீவை மோட்டாரில் சுற்றிவர வேண்டுமென்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். பேசி இருபத்திரண்டு வருஷங்களாயின. வருகிற ஜூன் மாதத்தில் அது கைகூடும்போலிருக்கிறது. ஒருமுறை போய்வந்தபின் மறுமுறை போவதற்கு நமக்கு வயதும் இடங்கொடாது, பணமும் இடங்கொடாது. ஆகையால்தான் அக்காகிதத்தைக் கண்டதும் நம் மனம் துணுக்குற்றது. ஏழு நாளில் தீவு முழுவதையும் வளைத்து வருவதற்கான திட்டம் அது. முப்பத்தொன்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் நிமிஷக் கணக்கு. குல்ஃபாஸ் நீர்வீழ்ச்சிக்கு 25 நிமிஷம். உலகத்தின் மிகப் பழைய பிரதிநிதி சபைகளுள் ஒன்று கூடிய திங்வெல்லிர் வெளிக்கு 40 நிமிஷம்!

இது ஆகாதென்றோம். "நீர் வக்கீல், எந்த விஷயத்திற்கும் வாய்தா கேட்பது உமக்குச் சுபாவமாகிவிட்டது" என்று அவர் சிரித்தார். வழக்கு அன்றோடு முடியவில்லை. நேயர்களிலும் பலர் இத்தகைய யாத்திரைக்கு யோசித்துக்கொண்டிருக்கக் கூடுமாதலால், நமது தரப்பை இங்கே விவரமாக எடுத்துரைப்பது தகும்.

நண்பரின் கணக்கில் பிழையில்லை. தீவைச் சுற்றிச் செல்லும் ஒன்றாம் நெம்பர் சாலையின் நீளம் 1,322 கிலோமீட்டர். தார்ச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பதினைந்து மணி நேரத்து ஓட்டத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் தினம் இரண்டு மணிச் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டியவர் நண்பரல்லர்; அந்தத் தீவின் காற்றும், பனியும், ஆறும்.

அச்சாலையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1974-ஆம் வருஷம் வரையில் அது வட்டமாக முடியவில்லை. தெற்கே வத்னயோகுல் என்னும் மாபெரும் பனிப்பாளத்தின் அடிவாரத்தில், ஸ்கெய்தரா மணல்வெளி என்று ஒரு கருமணற் பரப்பு உண்டு. பனிப்பாளம் உருகி ஓடும் ஆறுகள் அங்கே இன்று ஓரிடம், நாளை ஓரிடம் என்று தடம் மாறிப் பாய்ந்தன. அதனால் தென்கிழக்கிலுள்ள ஹோஃப்ன் ஊரார் தலைநகரான ரெய்க்யவிக்குக்குப் போக வேண்டுமானால், வடக்கு முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்நாட்டு அரசாங்கம் பரிசுச் சீட்டுக் கடன் பத்திரங்களை ஜனங்களிடம் விற்று அம்மணல்வெளிக்குப் பாலங்கள் கட்டிற்று. ஒரு சிறு ஜாதியார் தம் கைப்பணத்தைப் போட்டு, தம் நாட்டின் இரண்டு முனைகளைத் தாமே முடிந்துகொண்டார்கள். தீவில் ஜனங்கள் குடியேறிய 1,100-ஆம் ஆண்டு விழாவும் அதே 1974-இல்தான் நடந்தது.

பாலங்கள் நின்றது இருபத்திரண்டு வருஷம். 1996 செப்டம்பர் கடைசியில் அப்பனிப்பாளத்தின் அடியிலே எரிமலை கிளம்பிற்று. உருகிய நீர் ஒரு மாதத்துக்கு மேல் பனிக்கடியில் தேங்கி, நவம்பர் 5-ந் தேதி உடைத்துக்கொண்டு வந்தது. விநாடிக்கு ஏறக்குறைய 50,000 கனமீட்டர் நீர்! வீடு வீடாகப் பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து, ஒரு பாலத்தை முற்றும் அழித்து, மற்றொன்றை ஊனப்படுத்திற்று. சாலையை முன்கூட்டி அடைத்திருந்ததால் உயிர்ச்சேதமில்லை. முறுக்கிய துணியைப்போல் கிடக்கும் இரும்பு உத்தரங்களை அவர்கள் சாலையோரத்திலேயே ஞாபகச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பனிப்பாளம் பின்வாங்கிவிட்டதால் 2009-இல் ஸ்கெய்தரா ஆறு வேறு தடத்தில் போய்ச் சேர்ந்தது. ஐஸ்லாந்தின் மிக நீண்ட பாலத்தின் கீழ் ஓடுவதற்கு நீரில்லாமற் போய், 2017-இல் அதை விட்டுப் பக்கத்தில் ஒரு சிறு பாலம் போட்டுக்கொண்டார்கள். வெள்ளத்திற்குத் தப்பிய பாலம் ஆறில்லாமல் ஓய்வு பெற்ற விந்தையை 10 நிமிஷத்தில் பார்த்துவிட்டு வண்டியேறுவது நமக்குச் சம்மதமில்லை.

இனி, வண்டியோட்டுவோர் அறிய வேண்டியவை. அங்கே சாலையின் வலப்புறமே செல்ல வேண்டும். அவர்களும் நம்மைப்போல் இடப்புறம் சென்றவர்களே. 1968 மே 26-ந் தேதி நாடு முழுவதும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டார்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சரளைச் சாலையில் 80 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அந்த 80-உம் புதியவர்களுக்கு அதிகம் என்பது நமது அபிப்பிராயம். ஒரு வண்டி மட்டுமே போகத்தக்க பாலங்கள் இன்னும் இருக்கின்றன. எந்த வண்டி பாலத்துக்கு அருகிலிருக்கிறதோ அதற்கே முதல் வழி. கோடையில் ஆடுகள் கட்டில்லாமல் மேயும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி குறுக்கே ஓடிவருமென்றே வைத்துக்கொள்ள வேண்டும். சாலையை விட்டு இறங்கிப் பாசியிலும் மணலிலும் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அங்கே ஒரு சக்கரத் தடம் மறைவதற்குப் பல்லாண்டு பிடிக்கும். எஃப் என்ற எழுத்திட்ட மலைச் சாலைகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியன்றி வேறு போகலாகாது. பெட்ரோல் போடுமிடங்கள் பலவற்றில் ஆளில்லை. இரகசிய எண்ணுள்ள கார்டு இல்லாதவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வாடகை வண்டியின் காப்புப் பத்திரத்தை, தொழில் வாசனையால், நாம் கடைசி வரி வரையில் வாசித்தோம். காற்றில் பிய்ந்துபோகும் கதவும், ஆற்றைக் கடக்கையில் நேரும் நஷ்டமும் பொதுவாக அதில் சேரா. மணற்காற்று பெயிண்டைச் சுரண்டிப்போகும் நஷ்டத்திற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எதிர்காற்றுக்கு முகம் கொடுத்து வண்டியை நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திறப்பதே அங்குள்ளவர் வழக்கம். புயல் நாளில் சாலை இலாகாவார் சாலையையே மூடிவிடுவார்கள். ஏழு நாள் திட்டத்தில் ஒருநாள் இப்படிப் போனால், மறுநாள் இரண்டு நாள் வழியை ஒரே நாளில் ஓட்டத் தோன்றும். விபத்தின் விதை அந்த அவசரத்திலே இருக்கிறது. தெற்கே ரேனிஸ்ஃபியாரா கரையில் சாதாரண அலைகளுக்கிடையே திடீரென ஒரு பேரலை ஏறிவந்து, முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டு நின்ற யாத்திரீகர் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. படிப்பதற்கு நேரமில்லாமல் வந்திறங்குகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஆதலால் நாம் சொல்வது இதுவே: பத்து நாள்தான் உண்டென்றால் தீவைச் சுற்றவே வேண்டாம். தெற்கில் பாதியோ, மேற்கில் பாதியோ எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஊர்களில் தங்கி வருவது மேல். சுற்றித்தான் வரவேண்டுமென்றால் ஒரு மாதம் வேண்டும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வெறுமே விட வேண்டும். இந்தியப் பிரஜைகளுக்கு ஷெங்கன் விஸா வேண்டியிருக்கிறது. விஸாவுக்காக அலையும் சிரமம் ஏழு நாளுக்கும் ஒன்றுதான், இருபத்தெட்டு நாளுக்கும் ஒன்றுதான்.

நமது இருபத்தெட்டு நாள் இவ்விதம் அமைகிறது. விமானம் இறங்குவது கெஃப்லவிக்கில். எல்லாரும் அங்கிருந்து உடனே புறப்பட்டுவிடுகிறார்கள். நாம் ஒருநாள் தங்குவோம். 1602 முதல் 1787 வரையில் ஐஸ்லாந்தின் வியாபாரம் முழுவதும் டென்மார்க் அரசரின் அனுமதி பெற்ற வர்த்தகருக்கே ஏகபோகமாயிருந்தது. எந்தக் கிராமத்தார் எந்தத் துறையில் விற்க வேண்டுமென்பதும் சட்டம். ஹோல்ம்ஃபாஸ்தூர் என்ற ஓர் ஏழைக் குடியானவன் தனக்கு விதிக்கப்பட்ட துறையை விட்டு, இந்தக் கெஃப்லவிக்கிலே சில மீன்களை விற்றான். அக்குற்றத்திற்காக 1699-இல் அவனுக்குச் சவுக்கடி கிடைத்தது. உப்புக்காக அடிபட்ட ஜாதியார் நாம். மீனுக்காக அடிபட்டவனின் ஊரைத் தாண்டிப் போவதற்கில்லை.

அங்கிருந்து வடமேற்கு. 1998-இல் திறந்த சுரங்கப் பாதை திமிங்கிலக் கடற்கழியின் அடியால் சில நிமிஷங்களில் கொண்டுபோய் விடும். நாம் கழியைச் சுற்றும் பழைய பாதையிலே போவோம். அவ்வழியில் இப்போது வண்டி நெருக்கமில்லை. பிறகு ஸ்டிக்கிஸ்ஹோல்முர் துறையிலிருந்து மோட்டாரோடு படகேறி, மேற்குக் கழிநாட்டில் இறங்க வேண்டும். ஒன்றாம் நெம்பர் சாலை இப்பிரதேசத்தைத் தொடுவதேயில்லை. ஏழு நாளில் "முழுத் தீவையும்" பார்த்தவர் பார்க்காதது இதுதான். லாத்ராப்யர்க் செங்குத்துப் பாறையில் இலட்சக்கணக்கான கடற்பறவைகள் ஜூன் மாதத்தில் கூடு கட்டியிருக்கும். அதற்கு வடக்கே ஆர்னார் கழியின் கரையில் ஹ்ராஃப்ன்செய்ரி என்றொரு சிறு பண்ணை. அந்நாட்டின் விடுதலைத் தலைவர் யோன் சிகுர்த்ஸன் 1811 ஜூன் 17-ந் தேதி பிறந்த இடம்.

ஆயுதம் தொடாமல், பழைய ஏடுகளையும் சாசனங்களையும் ஆராய்ந்து, தம் நாட்டாரின் உரிமையை டென்மார்க் அரசரிடமே வாதித்த மனிதர் அவர். 1851-இல் கூடிய சபையை அரசரின் பிரதிநிதி பாதியிலே கலைத்தபோது எழுந்து நின்று ஆட்சேபித்தவர். சபையாரும் உடன் எழுந்தனர். 1879-இல் காலமானார். குடியரசைக் காணவில்லை. ஆனால் 1944-இல் குடியரசைப் பிரகடனம் செய்வதற்கு அவர் பிறந்த தினத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நாமும் ஜூன் 17-ந் தேதி ஹ்ராஃப்ன்செய்ரியில் இருப்பதென்று தீர்மானித்து, மற்ற தேதிகளையெல்லாம் அதற்கு முன்னும் பின்னுமாக அமைத்திருக்கிறோம்.

இடையிலே ஒரு விஷயம். ஊர்தோறும் வெந்நீர்க் குளம் உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் சுடுநீர். உடுப்பின்றி நன்றாகக் குளித்த பிறகே குளத்தில் இறங்கலாமென்பது கண்டிப்பான விதி. நம்மவர்க்குச் சற்றுக் கூச்சந்தான். ஆனால் மாலையில் செம்படவர், ஆசிரியர், ஊர்த் தலைவர் எல்லாரும் கழுத்தளவு நீரில் அமர்ந்து அரசியல் பேசுமிடமும் அதுவே. பத்திரிகைக்காரன் இதைத் தவற விடலாமா? ஓரூரில் இரண்டு மாலை தங்குகிறவனுக்குத்தான் இரண்டாம் மாலை யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

வடக்கையும் கிழக்கையும் பற்றி விரிக்கவில்லை. ஆக்யுரேரி நகரும், மீவத்ன் ஏரியும், கிழக்குக் கழிகளும் எல்லாத் திட்டங்களிலும் உள்ளவையே. தெற்கே கிர்க்யுபைர்க்லவுஸ்துர் கிராமத்தில் மட்டும் இரண்டு நாள் வேண்டும். 1783 ஜூன் முதல் எட்டு மாதம் லாக்கிப் பிளவுகளிலிருந்து எரிகுழம்பு பாய்ந்தது. புல் நஞ்சாகி, ஆடுமாடுகள் மாண்டு, தொடர்ந்த பஞ்சத்தில் தீவின் ஜனங்களில் ஐந்திலொரு பங்கினர் மடிந்தார்கள். இன்று அக்குழம்பின்மீது மெத்தைபோல் பாசி வளர்ந்திருக்கிறது. தீவின் ஜனத்தொகை இன்று நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வருஷந்தோறும் அங்கே வந்து போகிறவர்களோ 20 லட்சத்துக்கு மேல்.

கடைசி நாட்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்று, நண்பர் 25 நிமிஷம் அளித்த குல்ஃபாஸ். அந்நீர்வீழ்ச்சியை மின்சாரம் எடுக்க அந்நியருக்குக் குத்தகைக்கு விட்டபோது, பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த சிக்ரிதூர் தோமாஸ்தோத்திர் என்ற மாது தலைநகர் வரையில் நடந்து நடந்து வழக்காடினாள். அவளுக்காக வாதாடிய வக்கீல் ஸ்வெய்ன் ப்யோர்ன்ஸன். மற்றொன்று திங்வெல்லிர். 930-ஆம் ஆண்டு முதல் அல்திங் சபை கூடிய இடம். சட்டம் ஏட்டிலேறாத நாளில், சட்டமுரைப்போன் என்ற ஓர் அதிகாரி வருஷத்துக்கு மூன்றிலொரு பாகமாக, மூன்று வருஷத்தில் நாட்டுச் சட்டம் முழுவதையும் அங்குள்ள பாறையில் நின்று மனப்பாடமாகச் சொல்லி முடிப்பான். (நமது கோர்ட்டுகளில் இந்த ஏற்பாடு இருந்தால் எத்தனை வக்கீல்கள் மிஞ்சுவோம்?) 1944 ஜூன் 17-ந் தேதி குடியரசு பிரகடனமானதும் இங்கேதான். அன்று முதல் ஜனாதிபதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர், நீர்வீழ்ச்சிக்காக வாதாடிய அதே ஸ்வெய்ன் ப்யோர்ன்ஸன்!

செலவு ஒன்றே நண்பரின் பலமான ஆட்சேபம். அதை லேசாகத் தள்ள முடியாது. அந்நாட்டில் ஹோட்டல் அறையும் சாப்பாடும் மிக்க விலை. படுக்கையுள்ள வண்டியை எடுத்து, அதற்கென ஏற்பட்ட முகாம்களில் இரவு தங்கி, கடையில் மாமிசமும் ரொட்டியும் வாங்கிச் சமைத்துக்கொண்டால், ஒரு நாளைச் செலவு வெகுவாகக் குறையும். நாம் சைவராதலால் பருப்பும் அரிசியும் இங்கிருந்தே வரும். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவது மட்டும் கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். ஜூன் மாதத்தில் இரவென்று இருட்டுவதேயில்லையாகையால், கண்ணை மறைக்கும் துணிப்பட்டையும் அவசியம்.

நண்பர் தமது காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் டெலிபோனில், பதினெட்டு நாள் வரையில் தாம் இறங்கி வருவதாகச் சொன்னார். நாம் இருபத்தெட்டிலேயே நிற்கிறோம். பேச்சு இன்னும் முடியவில்லை. ஆயினும் ஜூன் 13-ந் தேதிப் படகில் ஒரு மோட்டாருக்கும் இரண்டு பேருக்கும் இடம் எழுதிவிட்டோம்.