பதநீரைத் தெளியவைத்து இறுத்தல்

பதநீரைத் தெளியவைத்து இறுத்தல் என்பது, சுண்ணாம்பு கலந்த பனஞ்சாற்றை அசைக்காமல் வைத்து, அடியில் படியும் வண்டலை விட்டு மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் வேறு கலத்திற்கு மாற்றும் முறையாகும். விருதுநகர் மாவட்டம் உள்ளிட்ட தென்தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் கோடைக்காலத்தில் பதநீர் இறக்கப்படுகிறது.

சுண்ணாம்பின் பங்கு

பனம்பாளையிலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 14 விழுக்காடு வரை சர்க்கரை உள்ளது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் (ஈஸ்ட்) இச்சர்க்கரையை எரிசாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுவதால் சாறு நுரைத்துக் கள்ளாகிறது. கலயத்தின் உட்புறம் பூசப்படும் சுண்ணாம்பு (கால்சியம் ஐதராக்சைடு) காரத்தன்மையை உயர்த்தி இம்மாற்றத்தைத் தடுக்கிறது.

நன்மையும் வரம்பும்

இறுத்தபின் பதநீர் தெளிவாகிறது. நாவில் படும் சுண்ணாம்புத் துகள்கள் நீங்குகின்றன. எனினும் கரைந்துள்ள சுண்ணாம்பு இம்முறையால் நீங்குவதில்லை. நீரைவிடச் சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும். ஆகவே பனங்கற்கண்டு தயாரிப்பில் சூப்பர் பாஸ்பேட்டு சேர்த்து, கரைந்த சுண்ணாம்பைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படியச் செய்து வடிகட்டும் வழக்கமும் உண்டு.

மற்றொரு குறையும் உண்டு. அடியில் தங்கும் சுண்ணாம்பு, புதிதாக உருவாகும் அமிலத்தை நடுநிலையாக்கும் இருப்பாகவும் பயன்படுகிறது. வண்டலிலிருந்து பிரித்த பதநீருக்கு இக்காப்பு இல்லை; வெப்பத்தில் அது விரைவில் புளிக்கத் தொடங்கும். எனவே இறுத்த பதநீரை உடனே பருகுவதோ காய்ச்சுவதோ நன்று.

சாம்பேனுடன் ஒப்பீடு

இதையொத்த வினா பிரான்சின் சாம்பேன் பகுதியில் உருவாகும் முதிர்ந்த நுரைமதுவைப் பற்றியும் எழுப்பப்படுகிறது. பழைய சிவப்புத் திராட்சைமதுவை இறுத்துவதன் முதன்மை நோக்கம் வண்டலைப் பிரிப்பதாகும். சாம்பேனில் ஈஸ்ட் வண்டல் விற்பனைக்கு முன்பே அகற்றப்படுவதால் அத்தேவை எழுவதில்லை. புதிய புட்டியில் ஏறத்தாழ 6 வளிமண்டல அளவுள்ள அழுத்தம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. வேறு கலத்தில் ஊற்றும்போது எஞ்சிய வாயுவிலும் ஒரு பகுதி வெளியேறும். காற்றுப்பட்டால் மணம் விரியும் என்பது ஆதரிப்போர் வாதம்; நுரையே அதன் சிறப்பு என்பது மறுப்போர் வாதம்.

இரண்டிலும் இறுத்தலால் ஒரு பண்பு கூடும்போது மற்றொன்று குறைகிறது. பதநீரில் தெளிவு கூடிக் காப்பு குறைகிறது. சாம்பேனில் மணம் கூடக்கூடும், நுரை குறைகிறது.