உடன் ஊழியரையும் காரியாலயங்களையும் கண்டறிய உதவும் உரையாடல் யந்திரம்

பெரிய ஸ்தாபனங்களிலும் சர்க்கார் இலாகாக்களிலும் வேலை பார்ப்போர் நாள்தோறும் அடையும் சிரமங்களுள் ஒன்று, தமக்கு வேண்டிய காரியத்திற்குப் பொறுப்பாளர் யார், அவர் எவ்வூரில் எக்கட்டடத்தில் இருக்கிறார் என்பதை அறிதலாகும். இஃது அற்ப விஷயமெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், பயிர்த்தொழிலைச் சேர்ந்த காரியங்களில் காலம் தவறினால் பலனும் தவறும்.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவை இதற்கு உதாரணமாகக் கூறலாம். இப்புழு இந்தியாவில் 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா ஜில்லாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அவ்வருஷத்திலேயே தமிழ்நாட்டிலும் பரவிற்று. உஷ்ணமான பருவத்தில் இதன் முட்டைகள் இரண்டு மூன்று தினங்களில் பொரித்துவிடும். புழு சிறிதாயிருக்கும்போது மருந்து எளிதில் வேலை செய்யும். அது வளர்ந்து, குருத்தினுள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வழியை அடைத்துக்கொண்ட பின்னர், தெளித்த மருந்து உள்ளே செல்வது அரிது. இத்தருணத்தில் கிராமத்திலுள்ள உத்தியோகஸ்தர் ஒருவர், பூச்சி நிபுணர் எவர், அவரை எங்கே காணலாம் என்று விசாரிப்பதிலேயே மூன்று நாட்களைக் கழித்துவிட்டால், குடியானவருக்கு நேரும் நஷ்டம் எவ்வளவென்று சொல்ல வேண்டியதில்லை.

இச்சிரமத்தைக் குறைக்கும்பொருட்டு இக்காலத்தில் பல காரியாலயங்களில் உரையாடல் உதவியாளர் எனப்படும் கணினி ஏற்பாடு கையாளப்படுகிறது. அதன் தன்மையையும், அதனிடம் கேட்கும் முறையையும், அதனால் விளையக்கூடிய பிழைகளையும் இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

முன் இருந்த ஏற்பாடுகள்

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்னும் நகரில் 1878-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் முதல் டெலிபோன் ஜாபிதா வெளியாயிற்று. அது ஒரே தாளில் அச்சிடப்பட்ட ஐம்பது பெயர்களைக் கொண்டது. அதில் டெலிபோன் எண் ஒன்றேனும் இல்லை. வேண்டியவரின் பெயரைச் சொன்னால், நிலையத்தில் இருந்தவரே இணைப்புக் கொடுத்துவிடுவார். சந்தாதாரர்கள் பெருகவே, எண்களும், பின்னர்த் தடித்த புஸ்தகங்களும் அவசியமாயின.

கணினிகள் வழக்கத்திற்கு வந்தபின் அப்புஸ்தகங்கள் கணினிக்குள் புகுந்தன. ஸ்தாபனங்களின் பெயர்ப் பதிவேட்டை அமைப்பதற்கான எக்ஸ்.500 என்ற சர்வதேச விதி 1988-இல் ஏற்பட்டது. அதைச் சுலபமாக்கி, மிச்சிகன் சர்வகலாசாலையினர் வகுத்த எல்.டி.ஏ.பி. என்ற முறை 1993-இல் வெளியாயிற்று. ஊழியரின் பெயர், உத்தியோகம், பிரிவு, மேலதிகாரி, கட்டடம், அறை எண் ஆகியவை இத்தகைய பதிவேடுகளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 2014-இல் பொதுவில் வெளியிடப்பட்ட ஸ்லாக், 2017-இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்ற காரியாலய உரையாடல் கருவிகள் இவ்வகைப் பதிவேடுகளோடு இணைந்தே வேலை செய்கின்றன. உரையாடல் உதவியாளர் அவற்றினுள் ஓர் ஊழியரைப்போல் அமர்ந்து, நாம் எழுதும் கேள்விக்கு விடை எழுதும். ஆகவே, பெயரைச் சொன்னவுடன் இணைத்துக் கொடுத்த அந்தப் பழைய நிலைய ஊழியரின் வேலையைத்தான் இப்பொழுது யந்திரம் செய்கிறது எனலாம்.

யந்திரம் விடை கூறும் விதம்

நாம் எழுதும் வாக்கியத்தை யந்திரம் மூன்று படிகளாக ஆராய்கிறது. முதலாவது, கேட்பவரின் கருத்து யாதென நிச்சயிக்கிறது. ஆளைத் தேடுகிறாரா, இடத்தைத் தேடுகிறாரா, அன்றி ஒரு விஷயத்தில் தேர்ந்தவரைத் தேடுகிறாரா என்று பிரிக்கிறது. இரண்டாவது, வாக்கியத்திலுள்ள பெயர், ஊர், உத்தியோகம், பயிர் முதலிய சொற்களைத் தனியே எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, அச்சொற்களைக் கொண்டு பதிவேட்டைத் தேடி, கிடைத்ததை வாக்கியமாக்கித் தருகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். யந்திரத்திற்குச் சுயமாக யாரையும் தெரியாது. பதிவேட்டில் உள்ளதையே அது கூறும். விதை கலப்பாயிருந்தால் விளைச்சலும் கலப்பாவதுபோல, பதிவேடு பிழையாயிருந்தால் விடையும் பிழையாகும்.

கேள்வி கேட்கும் முறை

“பூச்சி ஆபீசர் எங்கே?” என்று மட்டும் கேட்டால் தக்க விடை கிடைப்பது துர்லபம். வேண்டிய காரியம், பயிர், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். “மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றி யோசனை சொல்லக்கூடியவர் திண்டுக்கல் ஜில்லாவில் யார்? அவருடைய காரியாலயம் எங்குள்ளது?” என்று எழுதினால், யந்திரம் தேட வேண்டிய பரப்பு குறுகிவிடும்.

ஆளின் பெயரைவிட உத்தியோகத்தைக் கொண்டு கேட்பதே பெரும்பாலும் நலம். உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போனாலும் உத்தியோகம் அவ்விடத்திலேயே நிற்கும். ஓர் உத்தியோகஸ்தர் மற்றொரு வட்டாரத்தின் வேலையையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வரக்கூடும். ஆகையால், “இவ்வேலையை இப்பொழுது கவனித்து வருபவர் யார்?” என்று கேட்பது பொருத்தமாகும்.

பெயர்களால் உண்டாகும் குழப்பம்

உரையாடல் கருவிகளிற் பல, மேல்நாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரு பகுதிகளை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கும். பதிவேட்டில் ஒருவர் தலைப்பெழுத்தை முன்னே எழுதியிருப்பார். மற்றொருவர் பின்னே எழுதியிருப்பார். வேறொருவர் தந்தையின் முழுப்பெயரையே கடைசியில் சேர்த்திருப்பார். இதனால் ஊழியரின் பெயரைத் தேடுங்கால் அவர் தந்தையின் பெயரைக் கொண்ட வேறொருவர் வந்து நிற்பதுண்டு.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிரமம் இன்னும் அதிகம். இலட்சுமி என்ற ஒரே பெயரைப் பலர் பலவிதமாக எழுதுகின்றனர். சண்முகம், ழகரம் வரும் தமிழழகன் போன்ற பெயர்களும் அவ்வாறே. பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பதிந்து, வழக்கிலுள்ள மாற்று எழுத்துக்களையும் பக்கத்தில் குறித்து வைத்தல் இதற்குப் பரிகாரமாகும். ஒரே பெயருடையோர் பலர் இருப்பின், யந்திரம் தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், அனைவரையும் உத்தியோகத்தோடும் ஊரோடும் காட்டி, “இவர்களில் யார்?” என்று திருப்பிக் கேட்கும்படி அமைத்தல் வேண்டும்.

இடங்களால் உண்டாகும் குழப்பம்

புதூர், புதுப்பட்டி என்ற பெயருள்ள கிராமங்கள் நம் நாட்டில் அநேகம். ஆகையால் ஊரின் பெயரோடு தாலுகாவையும் ஜில்லாவையும் சேர்த்தே கேட்க வேண்டும். மேலும், வருவாய்த் தாலுகாவின் எல்லை வேறு. வட்டாரத்தின் எல்லை வேறு. ஒரு கிராமத்தாருக்குத் தாசில்தார் காரியாலயம் ஓர் ஊரிலும், விவசாய விரிவாக்க நிலையம் மற்றோர் ஊரிலும் இருக்கலாம். இவ்வேற்றுமை பதிவேட்டில் ஏறாதிருப்பின், யந்திரம் சமீபத்திலுள்ள ஊரைக் காட்டிக் குடியானவரை வீணே அலைக்கழிக்கும்.

கட்டடத்திற்குள்ளும் கவனம் வேண்டும். நம் வழக்கப்படி தரைத்தளத்திற்கு மேலுள்ளதே முதல் மாடி. அமெரிக்க வழக்கிலோ தரைத்தளமே முதல் தளம். அந்நாட்டுக் கணக்கைப் பின்பற்றும் கருவியை அப்படியே உபயோகித்தால், வந்தவர் ஒரு மாடி தவறி ஏறுவார். கைபேசியில் திசை காட்டும் செயற்கைக்கோள் அலைகளும் கட்டடத்தின் உட்புறத்தில் தெளிவாகக் கிட்டுவதில்லை. ஆதலின், நுழைவாயில், மாடி, அறை எண், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொற்களாலேயே பதிந்து வைப்பது மேல்.

பதிவேட்டைப் பேணுதல்

2005-ஆம் வருஷத்திய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் உத்தியோகஸ்தர், சிப்பந்திகள் ஆகியோரின் ஜாபிதாவைத் தானே வெளியிட வேண்டுமென்றும், அதை வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. எனவே, பொறுப்பாளர் யார் என்பதை அறிதல் பொதுஜனங்களுக்கு உள்ள உரிமையேயன்றி, உத்தியோகஸ்தர் காட்டும் தயவன்று. ஆனால், வருஷத்திற்கொருமுறை திருத்தப்படும் ஜாபிதா உரையாடல் யந்திரத்திற்குப் போதாது. மாற்றல் உத்தரவு பிறந்த தினத்திலேயே பதிவேடும் திருந்த வேண்டும். இதற்கென ஒவ்வொரு காரியாலயத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்குதலும், ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் காட்டுதலும் அவசியம். தேதி பழையதாயின், நேரில் புறப்படுமுன் டெலிபோனில் விசாரித்துக்கொள்ளலாம்.

கற்பித்துக் கூறும் அபாயம்

2022-ஆம் வருஷ முடிவில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், பெரிய மொழி மாதிரிகளைக் கொண்ட உதவியாளர்கள் பெருகியுள்ளன. இவை பேச்சு நடையில் கேட்பதையும் நன்கு புரிந்துகொள்ளும். ஆயினும், விடை தெரியாதவிடத்தும் தெரிந்ததுபோல் சரளமாக எழுதும் குணம் இவற்றிற்கு உண்டு. இல்லாத அறையையும், எவருக்கும் உரியதல்லாத டெலிபோன் எண்ணையும் இவை நம்பத்தக்க தோரணையில் கூறிவிடக்கூடும். ஆகவே, பெயர், எண், விலாசம் ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து மட்டுமே எடுத்துத் தரும்படியும், பதிவில் இல்லாதபோது “பதிவில் இல்லை” என்று ஒளியாமல் கூறும்படியும் யந்திரத்தை அமைத்தல் வேண்டும். “இல்லை” என்ற விடை ஏமாற்றம் தரினும் அலைச்சலைத் தராது.

வெளியிடத் தகாதவை

காரியாலய விலாசமும் காரியாலய டெலிபோனும் பொதுவானவை. வீட்டு விலாசம், சொந்தக் கைபேசி எண், இத்தருணத்தில் இன்னார் இவ்விடத்தில் தனியே இருக்கிறார் என்ற செய்தி ஆகியவை அப்படிப்பட்டவையல்ல. கிராமந்தோறும் தனித்துச் சுற்றுப்பயணம் செய்யும் பெண் ஊழியர்களின் விஷயத்தில் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இவர் இன்ன கிராமத்திற்கு இன்ன நாளில் வருவார் என்பதைக் குடியானவருக்கு அறிவிப்பது முறையே. 2018-இல் வெளியான உழவன் செயலியிலும் உதவி வேளாண்மை அலுவலரின் வருகையை அறியும் வசதி சேர்க்கப்பட்டது. ஆனால், ஒருவர் இருக்குமிடத்தை நிமிஷந்தோறும் பிறர் காணச் செய்வது வேறு விஷயம். சொந்த விவரங்களைக் காக்கும்பொருட்டு 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை

1. காரியம், பயிர், ஊர், தாலுகா, ஜில்லா ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்கவும்.

2. பெயரைக் காட்டிலும் உத்தியோகத்தைக் கொண்டு தேடவும்.

3. விடையோடு வரும் தேதியைப் பார்க்கவும். பழையதாயின் விசாரித்த பின்னரே புறப்படவும்.

4. பிழையைக் கண்டவர் அன்றே பதிவேட்டுப் பொறுப்பாளருக்கு அறிவிக்கவும்.

5. கைபேசியில்லாதவர் காரியாலயத்திற்கு வந்தால், அங்குள்ள ஊழியரே அவருக்காகக் கேட்டு, விடையைத் தாளில் எழுதிக் கொடுக்கவும்.

இவற்றுள் ஐந்தாவது மிக முக்கியமானது. யந்திரம் எவ்வளவு திறமையாக விடை கூறினும், அது கைபேசியுள்ளவருக்கே முதலில் பயன்படும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறிக் காரியாலயத்திற்கு வரும் சிறு குடியானவர், தமக்கு வேண்டிய உத்தியோகஸ்தரை அன்றே கண்டு திரும்புவாராயின், இவ்வேற்பாட்டின் நோக்கம் நிறைவேறியதாகும்.