கறுவாவும் உடல்நலமும்

கறுவாப்பட்டை இல்லாத அடுக்களை இலங்கையில் அரிது. இறைச்சிக் கறிக்கும் பருப்புக் கறிக்கும் நெய்ச்சோற்றுக்கும் அது மணமூட்டுகின்றது. அண்மைக் காலத்தில் இச்சரக்கு மருந்தாகவும் பெரிதும் பேசப்படுகின்றது. நாள்தோறும் கறுவாத்தூளைக் கரண்டிக்கணக்கில் உட்கொண்டால் நீரிழிவு நீங்கிவிடும் என்றும், பின்னர் வைத்தியர் கொடுத்த மாத்திரைகள் வேண்டியதில்லை என்றும் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதைக் கமக்காரர் குடும்பங்கள் யாவும் அறிந்திருத்தல் வேண்டும்.

இருவகைப் பட்டைகள்

கறுவா என்னும் பெயரில் இருவேறு பட்டைகள் விற்கப்படுகின்றன. முதலாவது, எமது நாட்டுக்குரிய உண்மையான கறுவா. இது சின்னமோமம் சிலானிக்கம் என்னும் மரத்திலிருந்து பெறப்படுவது. காலி, மாத்தறை முதலிய ஈரவலயப் பகுதிகளில் இது பெருமளவிற் செய்கைபண்ணப்படுகின்றது. உலகச் சந்தைக்கு வரும் உண்மையான கறுவாவின் பெரும்பகுதி இலங்கையினதே. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சினமன்" என்னும் பெயரை இந்நாட்டுக்கே உரிய புவியியற் குறியீடாகப் பதிவுசெய்தது.

இரண்டாவது, கசியா எனப்படும் பட்டை. சீனா, வியற்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் வளரும் வேறு மரங்களிலிருந்து இது எடுக்கப்படுகின்றது. விலை குறைவானதாகையால் பல நாடுகளில் கறுவா என்ற பெயரில் விற்கப்படுவது இதுவே.

இவ்விரண்டையும் கண்ணாற் பார்த்தே இனங்காணலாம். கறுவாத் தடிகளின் மேற்றோல் சுரண்டி நீக்கப்பட்டபின், பித்தளைக் கோலால் தேய்த்து உட்பட்டை மெல்லிதாக உரிக்கப்படுகின்றது. அவ்வாறு உரித்த பட்டைகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்படுவதால், உண்மையான கறுவாவின் குழல் பல மெல்லிய அடுக்குகளைக் கொண்டு சுருட்டுப்போலத் தோன்றும். அது இளம் பழுப்பு நிறமுடையது. விரலால் அழுத்தின் எளிதில் நொறுங்கும். கசியாவோ தடித்த ஒரே பட்டையாகச் சுருண்டிருக்கும். நிறம் கடுமையாகவும், பட்டை உடைத்தற்கு அரிதாகவும், சுவை காரமாகவும் இருக்கும். தூளாக்கியபின் இவற்றைப் பார்வையால் வேறுபடுத்துதல் கடினம்.

பட்டையிலுள்ள பொருள்கள்

கறுவாப்பட்டையின் மணத்துக்கு முக்கிய காரணம் சின்னமல்டிகைட்டு என்னும் எண்ணெய்ப் பொருள். இது பலவகை நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் கறியில் இடப்படும் சிறு துண்டினால் அக்கறி பழுதாகாதிருக்கும் என எண்ணுதல் தவறு. பட்டையில் நார்ப்பொருளும் கல்சியமும் உண்டெனினும், நாம் உண்ணும் அளவு மிகச் சிறிதாகையால் அவற்றால் வரும் பயனும் சிறிதே.

நீரிழிவும் கறுவாவும்

2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வே இவ்விடயத்தில் உலகின் கவனத்தை ஈர்த்தது. பாக்கிஸ்தானில் நீரிழிவு நோயாளர் 60 பேரிடம் அது நடத்தப்பட்டது. நாளொன்றுக்கு 1, 3 அல்லது 6 கிராம் கசியாத்தூள் 40 நாள்களுக்குக் கொடுக்கப்பட்டவர்களின் இரத்தச் சீனி 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாகக் கூறப்பட்டது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் யாவும் இதே பயனைக் காட்டவில்லை. 577 பேர் பங்குபற்றிய 10 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்த 2012ஆம் ஆண்டின் கொக்கிரேன் மதிப்பாய்வு, நீரிழிவுக்குக் கறுவாவைச் சிபார்சு செய்யப் போதிய சான்று இல்லையென முடிவுசெய்தது.

ஆகவே, கறுவாவை நம்பி மாத்திரைகளையோ இன்சுலினையோ நிறுத்துதல் ஒருபோதும் கூடாது. நீரிழிவு கட்டுப்படாதவிடத்துக் காலின் உணர்ச்சி குறைகின்றது. புண்களும் எளிதில் ஆறுவதில்லை. சேற்றிலே வெறுங்காலுடன் நிற்கும் கமக்காரர் முள்ளோ சிப்பியோ கிழித்ததை உணராமலே வேலை செய்வர். அச்சிறு காயம் அழுகிக் காலையே இழக்க நேரிடலாம்.

மிகையினால் வரும் தீங்கு

கசியாவில் கூமரின் என்னும் பொருள் கூடுதலாக உண்டு. இதனை நீண்டகாலம் மிகையாக உட்கொண்டால் சிலரது ஈரல் பாதிக்கப்படும். உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை விதித்த எல்லை. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது 6 மில்லிகிராம் ஆகும். ஒரு கிராம் கசியாத்தூளில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாகக் கொண்டால், 2 கிராம் தூளே அவ்வெல்லையை எட்டிவிடும். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய இவ்வளவு நிறையுள்ளதே. சிறு பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் குறைவு.

எமது நாட்டுக் கறுவாவிலோ கூமரின் மிகச் சொற்பம். உடல்நலத்தைப் பொறுத்தவரையில் அதன் தலையாய சிறப்பு இதுவே.

வாங்குதலும் சேமித்தலும்

கூடியவரையில் தூளாக அன்றிக் குழலாகவே வாங்குதல் வேண்டும். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட அப்பிள் கூழிற் சேர்க்கப்பட்ட கறுவாத்தூளில் ஈயம் கலந்திருந்தமை 2023ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதை உண்ட குழந்தைகள் பலரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. குழலாக வாங்கி வீட்டிலே இடித்துக்கொள்வோருக்கு இத்தகைய கலப்படத்தைப் பற்றிய அச்சம் குறைவு.

குழல்களைக் காற்றுப் புகாத போத்தலில் இட்டு, அடுப்பின் ஆவி படாத உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று. ஈரலிப்பு ஏறிப் பூஞ்சணம் பிடித்த பட்டையை எறிந்துவிடல் வேண்டும். தூளின் மணம் விரைவிற் குறைவதால், சில நாள்களுக்குத் தேவையானதை மாத்திரம் இடித்தல் போதும்.

பயன்படுத்தும் முறை

கறியிலும் சோற்றிலும் வழக்கம்போற் சிறு துண்டுகளை இடுதலால் தீங்கில்லை. தேநீர் கொதிக்கும்போது ஒரு துண்டைச் சேர்த்தால், அதன் இனிய மணத்தினால் சீனியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். வயல்வேலையின்போது பல தடவை சீனித்தேநீர் அருந்துவோருக்குக் கறுவாவினாற் கிடைக்கக்கூடிய உறுதியான நன்மை இவ்வாறு சீனி குறைவதே.

உலர்ந்த தூளை வெறுவாயில் இட்டு விழுங்குதல் ஆபத்தானது. அது மூச்சுக்குழாயினுட் சென்று சுவாசப்பையைத் தாக்கும். கறுவா எண்ணெய் தோலையும் வாயையும் எரிக்கக்கூடியது, அதை உட்கொள்ளலாகாது. ஈரல் நோயுள்ளோர், இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து அருந்துவோர், கர்ப்பிணிகள் ஆகியோர் சமையலளவுக்கு மேல் பயன்படுத்துமுன் வைத்தியரைக் கலந்தாலோசித்தல் வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பல மெல்லிய அடுக்குகள் கொண்ட குழலே உண்மையான கறுவா.
2. தூளாக வாங்காது குழலாக வாங்குக.
3. சமையலளவுக்கு மேல் நாள்தோறும் உண்ணாதொழிக.
4. நீரிழிவு மருந்தை வைத்தியரின் சொல்லின்றி நிறுத்தாதிருக்க. மாலையில் வயலிலிருந்து திரும்பியதும் கால்களைக் கழுவிப் பாதங்களைச் சோதித்துப் பார்க்க.