இந்தப் படத்தில் இருப்பவர் யார்?

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை வட்டெழுத்தில் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். மன்னர்களின் பட்டப்பெயர்களுக்கு நடுவே, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாயின் பெயரும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இந்த வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. ஆய்வாளர்களுக்குக் கோவிவன் பழைய நண்பன். ஆனால் மனு கொடுக்க செங்கத்திலிருந்து பஸ் ஏறி, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். புத்தகம் நூலக அலமாரியில் இருக்கிறது, கைபேசி சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைக்க வேண்டிய வேலையைத்தான் உலகமெங்கும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் சமூக ஊடகத்தில் செய்து பார்க்கின்றன. சில இடங்களில் அது நன்றாகவே பலித்திருக்கிறது.

பலிக்காத இடங்களையும் சொல்லிவிடலாம். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம், குத்துவிளக்கு ஏற்றுகிற படம், வரிசையாக நின்று எடுத்த குழுப்படம் என்று நிரம்பிய பக்கங்களை எல்லோரும் பார்த்திருப்போம். விருந்தினரின் உறவினர்கள் விருப்பக்குறி போடுவார்கள். நிறுவனத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குக் கடைசிவரை தெரியாது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேறு வழியில் போனது. 2008 ஜனவரியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றி, இவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டது. பத்து மாதங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. எந்தத் தெரு, எந்த ஆண்டு, எந்த வகை எஞ்சின், வண்டி ஓட்டுகிறவர் யாருடைய தாத்தா என்றெல்லாம் சனங்கள் எழுதினார்கள். நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களின் விவரங்களை அதிகாரப்பூர்வப் பட்டியலில் திருத்தினார்கள். விருப்பக்குறிகளை எண்ணுவதைவிட இந்த ஐந்நூறு திருத்தங்களே பெரிய கணக்கு. கேள்வி கேட்பது பாதி வேலைதான். வந்த பதிலைப் பட்டியலில் ஏற்றுவதற்கும் ஆள் வேண்டும்.

நம்மூர்க் கதை இதைவிடச் சுவாரசியமானது. அதில் திருட்டும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து வைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எதற்கு இத்தனை என்று அந்தக் காலத்தில் கேட்டிருக்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் களவுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசிய ஓவியக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய பிறகு பதில் கிடைத்தது. கோயிலில் இருந்தபோது எடுத்த படமும் ஓவியக்கூடத்துப் படமும் அருகருகே வைக்கப்பட்டன. வார்ப்பில் விழுந்த சிறு பிசகும் திருவாசியின் தேய்மானமும் பொருந்தினால் சிலை அதுதான். அந்த நடராசரையும், சிட்னி ஓவியக்கூடத்துக்குப் போயிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரையும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

இந்த வேட்டையில் தமிழகச் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு, அமெரிக்கப் புலனாய்வாளர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலர் இருந்தார்கள். அரசுச் சம்பளம் இல்லாத ஆர்வலர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் வசித்த எஸ். விஜயகுமாரும் அனுராக் சக்சேனாவும் தொடங்கிய ‘இந்தியா பிரைட் ப்ராஜெக்ட்’ குழுவின் ஆயுதமே சமூக ஊடகம்தான். ஏலக் கடைகளின் விலைப்பட்டியலில் வரும் சிலைப் படங்களைத் தொண்டர்கள் ஊர்ப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தினால் ஊரறியச் சொல்கிறார்கள். பிரெஞ்சு நிறுவனத்துக் காப்பகத்தின் அருமை பலருக்குப் புரிந்ததே இந்த மீட்புகளுக்குப் பிறகுதான். அதே நிறுவனம் திருவண்ணாமலையையும் விட்டுவைக்கவில்லை. கோயில் கல்வெட்டுகள், கட்டடக்கலை, சடங்குகள், ஊரின் சமூக அமைப்பு என்று பல தொகுதிகள் வெளிவந்திருக்கின்றன. நம் ஊரைப் பற்றிய அந்தத் தொகுதிகளில் சில பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன என்பது ஒரு வேடிக்கை. அவற்றிலிருந்து வாரம் ஒரு செய்தியைத் தமிழில் எடுத்துப் போட்டாலே ஒரு பக்கம் பல ஆண்டுகள் ஓடும்.

நூலகங்களுக்கு வேறு வகை ஆபத்து: இழுத்து மூடுவது. இங்கிலாந்தின் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் 2011 ஜனவரியில் நூலகத்தை மூடும் பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் ஊர்வலம் போகவில்லை. ஆளுக்கு 15 புத்தகம் எடுக்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, முகநூல் வழியாகவும் சொல்லியனுப்பி, சுமார் 16,000 புத்தகங்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். காலி அலமாரிகளின் படம் உலகச் செய்தியானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் அறிவிப்பு வந்தபோது, இணையக் கையெழுத்து இயக்கங்களும் முகநூல் பதிவுகளும் கிளம்பின. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகத்தைக் காத்தது முகநூல் என்று சொன்னால் மிகையாகும், வழக்குப் போட்டவர்களுக்குச் செய்கிற அநியாயமும் ஆகும். ஆனால் நூலகத்துக்காகக் கோபப்படுகிறவர்கள் இத்தனை பேர் என்பது வெளியே தெரிந்தது அப்போதுதான்.

திருவண்ணாமலையில் அரசு முத்திரை இல்லாமலே நடக்கிற ஒன்று உண்டு. எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்லும் காணொளிகள் யூடியூபில் உலகத் தமிழர்களைச் சென்றடைந்திருக்கின்றன. கதையைக் கேட்டவர் அடுத்துப் புத்தகத்தைத் தேடுகிறார். அந்தத் தேடலைப் பக்கத்து நூலகத்துக்குத் திருப்பிவிடலாம். இந்த வாரம் சொன்ன கதை எங்கள் நூலகத்தில் இந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு பதிவு போதும்.

எச்சரிக்கைகளும் உண்டு. காட்டோரம் தனியாக நிற்கும் நடுகல்லின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடுவது, புதையல் தேடுகிறவனுக்கும் சிலை திருடுகிறவனுக்கும் வழிகாட்டுவதாகிவிடும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, சரியான இடத்தைத் தொல்லியல் துறைக்கு மட்டும் தெரிவிப்பதே நல்லது. படத்தில் எழுத்து தெளிவாக விழுவதற்காகக் கல்லின் மேல் சுண்ணாம்பையோ பெயிண்டையோ பூசவும் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வாக வெயில் விழும்போது எடுத்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் கல்லின் அளவும் தெரியும்.

இன்னொன்று, தளங்களின் ஆயுள். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019இல். டிக்டாக்கை 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. அவற்றில் மட்டும் இருந்த படங்களுக்கும் உரையாடல்களுக்கும் என்ன கதி? ஈழத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம், ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சிதறிக் கிடந்த நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கித் தன் சொந்தத் தளத்தில் சேர்த்து வைக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு, ஒரே இடத்தை நம்பக் கூடாது என்பது தெரியும்.

வேங்கிக்கால் வீடுகளின் பரணில் இருக்கும் பழைய கார்த்திகை தீபப் படங்களுக்கும் ஏரிக்கரைப் படங்களுக்கும் இதே கதைதான். படத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படத்தில் உயிரோடிருப்பவர்கள் சம்மதித்தால் ஊர்க் குழுவில் போடலாம். நூலகத்துக்கோ ஆய்வாளருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். படத்தின் பின்னணியில் தெரியும் கடைப் பலகையின் சின்ன எழுத்துதான் அதில் முதலில் அழியும்.