பெருவேட்டைத் துப்பாக்கியும் பென்னாகரத்துக் காடும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலை நோக்கி இறங்கும் சாலை, ஊரின் கடைசி வீடுகளையும் அவற்றை அடுத்த மானாவாரி நிலங்களையும் கடந்து காட்டுக்குள் புகுந்ததும், இருபுறமும் முள்மரங்களும் சின்னாற்றின் பள்ளங்களை ஒட்டி மூங்கிற் புதர்களும் நெருங்கி வளர்ந்து நிற்பதால், பாதையை விட்டு ஐம்பது அடி உள்ளே அசையாமல் நிற்கும் ஒரு கொம்பன் யானையைக்கூடக் கண்ணால் கண்டுகொள்வது அரிது. தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 1965ஆம் ஆண்டுக்கு முன்பு, இப்பிரதேசம் முழுவதும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், பெங்களூரிலிருந்து அடிக்கடி இங்கு வந்து வேட்டையாடியவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பென்னாகரம், முத்தூர், ஒகேனக்கல், அஞ்செட்டி ஆகிய பெயர்களை ஆங்கிலம் படிக்கும் தேசங்களுக்கெல்லாம் தம் நூல்களின் வாயிலாக அறிமுகம் செய்தவரும் அவரே. 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில், ஆட்கொல்லிப் புலிகளின் வரலாறுகளுக்கு நடுவே, இவ்வட்டாரத்துப் பனப்பட்டியில் திரிந்த கொலைகார யானை ஒன்றின் கதையும் இடம்பெற்றிருக்கிறது. புலியானாலும் சரி, யானையானாலும் சரி, அவர் பெரும்பாலும் நம்பிச் சென்ற ஆயுதம் ஒன்றுதான்: அமெரிக்கக் கம்பெனியான வின்செஸ்டரின் 1895ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி, அதன் குழல் விட்டம் .405 அங்குலம்.

அக்காலத்து வேட்டைக்காரர்கள், தோட்டத் துரைமார்கள், சமஸ்தானத்து அதிகாரிகள் ஆகியோரிடையே ஓயாது நடந்த விவாதம், பெரிய பிராணிக்கு எந்தக் குழல் விட்டம் ஏற்றது என்பதே. அந்த விவாதத்தில் .405 ஒரு சுவையான வழக்கு. புலிக்கு அது தாராளமானது என்றும் யானைக்கு அது போதாது என்றும் பலர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் மெய்யே என்பதையும், அப்படி ஆவதற்குக் காரணம் குண்டின் கனத்திலோ வேகத்திலோ இல்லை, வேறோரிடத்தில் இருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த எண்களின் பொருளைப் பார்ப்போம். பழைய துப்பாக்கிகளுக்கு விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் வழக்கம் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று சரியாகப் புகும் குழல் பன்னிரண்டாம் எண் குழல். நான்கே உருண்டைகளாக வார்த்தால் நான்காம் எண். ஆகவே எண் சிறுக்கச் சிறுக்கக் குழல் பெருக்கும். 1840களிலும் 1850களிலும் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் கையாண்ட நான்காம் எண் துப்பாக்கி 21 பவுண்டு எடை கொண்டது. அதைச் சுமந்துகொண்டு காட்டில் நடப்பதே ஒரு தேகப் பயிற்சி. அவ்வளவு பெரிய குழல் அக்காலத்தில் அவசியமானதற்குக் காரணம் கரிமருந்து. அந்த மருந்தால் குண்டை ஓர் எல்லைக்கு மேல் விரைவாகச் செலுத்த இயலாது; வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது ஈயத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

இந்த நிலையை மாற்றியது புகையில்லாத மருந்து. ஏபல், டூவர் என்னும் இரு ரசாயன அறிஞர்கள் 1889இல் கண்டுபிடித்த கார்டைட், பார்ப்பதற்குச் சேமியா இழைகளைப் போன்றிருந்தாலும், அதன் வன்மை கரிமருந்தைப் பன்மடங்கு விஞ்சியது. 1903ஆம் ஆண்டை ஒட்டி நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் அதற்கென்றே அரசாங்கத் தொழிற்சாலை எழுந்தது. கார்டைட்டைப் பயன்படுத்தி 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனம் .450 அங்குலத் தோட்டாவை வெளியிட்டதும், இருபது பவுண்டுத் துப்பாக்கிகளின் யுகம் முடிந்துபோயிற்று. ஆயினும் கார்டைட்டுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டா, குளிரில் இருந்த தோட்டாவைவிட அதிக அழுத்தத்தோடு வெடிக்கும். சித்திரை வெயிலில் பென்னாகரத்துப் பாறைகளின்மேல் நடந்தவர்களுக்கு இதன் அபாயம் எளிதில் விளங்கும். ஆங்கிலக் கம்மியர்கள் இதை எண்ணியே தங்கள் பெருந்தோட்டாக்களின் பித்தளைக் கூட்டை வேண்டியதற்கு மேல் நீளமாகவும் அகலமாகவும் அமைத்து, உள்ளழுத்தம் எப்போதும் தாழ்ந்தே நிற்கும்படி செய்தனர். .470 தோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நான்கு அங்குலம் நீண்டிருக்கும்; .405 தோட்டாவோ மூன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும், அதன் கூடும் கழுத்துக் குறுகாமல் நேரே இறங்கும்.

.470 என்னும் அந்த எண் பிறந்ததற்கே இந்தியாதான் காரணம் என்பது பலர் அறியாத செய்தி. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி–ஹென்றித் துப்பாக்கி .450 விட்டமுடையது, வேட்டைக்கென்று வரும் அதே விட்டத்துக் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசாங்கம், 1907இல் .450 துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதைத் தடை செய்தது. பெரிய வாடிக்கையை இழக்க விரும்பாத லண்டன் கம்பெனிகள், சட்டத்துக்கு உட்படாதபடி விட்டத்தைச் சிறிது கூட்டி .465, .470, .475 என்று வரிசையாகப் புதிய தோட்டாக்களைச் செய்தன. எனவே கடைகளில் கண்ட எண்களின் பேதத்தையெல்லாம் அறிவியலின் தீர்ப்பு என்று கொள்ளுதல் கூடாது. அவற்றுள் பல ஒரு சுங்க உத்தரவின் விளைவு. எண்களும் சொன்ன சொல் தவறாதவை அல்ல: .405இன் குண்டு மெய்யாக .411 அங்குலம், வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கைக்கொண்ட .275இன் குண்டு .284 அங்குலம்.

இனிச் சக்தியைக் கணக்கிடுவோம். .405இன் குண்டு 19.4 கிராம் எடையோடு வினாடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. அதன் சக்தி ஏறக்குறைய 4,360 ஜூல். பட்டாளத்து .303க்கு அது சுமார் 2,700; 1912இல் வந்த .375க்கு 5,700க்கு மேல்; .470க்கு ஏறத்தாழ 7,000. இந்தப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதாயின், எவனும் மிகப் பெரிய எண்ணைத் தேர்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அவற்றுள் பெரும்பகுதியை .275 விட்டத்துச் சிறு துப்பாக்கியால் வீழ்த்தினார் என்பது சரித்திரம். அதன் சக்தி .303ஐவிட மிகுந்ததன்று. அங்ஙனமாயின் சக்தியின் கணக்கு எங்கே பிழைத்தது?

குண்டு பிராணியின் உடலில் செய்ய வேண்டிய முதல் வேலை, உயிர்நிலை உள்ள இடம் வரை போய்ச் சேர்வது. ஒரே கை ஓங்கி அடித்தாலும் கடப்பாரை மண்ணில் இறங்குகிறது, கொட்டாப்புளி இறங்குவதில்லை. முனையின் பரப்பு குறைந்து பின்னால் வரும் கனம் மிகுந்திருப்பதே ரகசியம். அதேபோல் குண்டின் எடையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், ஊடுருவும் ஆற்றலுக்கு ஓர் அளவு கிடைக்கும். பெல்லின் 11.2 கிராம் குண்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பின்னால் 27 கிராமுக்கு மேல் நிற்கிறது. .375இலும் அதே அளவு; .470இல் 28க்குச் சற்று அதிகம். .405இலோ 23 கூட இல்லை. பேக்கரின் காலத்து நான்காம் எண் ஈய உருண்டை கால் பவுண்டு எடையிருந்தும் 20ஐத்தான் தொடுகிறது. பன்னிரண்டாம் எண் உருண்டை 14. மெலிந்து நீண்ட குண்டு ஏன் ஆழமாகச் செல்கிறது என்பதும், பருத்துக் குட்டையான .405 ஏன் விரைவில் சோர்ந்து நிற்கிறது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

யானையின் தலையை அறியாதவர்கள் இவ்வேறுபாட்டை அற்பமென்று எண்ணக்கூடும். நம் கவிகள் புகழ்ந்து பாடிய மத்தகத்தில் மூளை இல்லை. அந்த உயர்ந்த இரு மேடுகளும் காற்றறைகள் நிறைந்த எலும்புக் கூடுகளே. மூளை அவற்றுக்குக் கீழே வெகு பின்னால், இரு செவித் துளைகளுக்கும் இடைப்பட்ட மட்டத்தில், நான்கைந்து கிலோ எடையுள்ள சிறு பொருளாக மறைந்திருக்கிறது. எதிரே பாய்ந்து வரும் கொம்பனின் நெற்றியில் படும் குண்டு, ஓரடிக்கு மேற்பட்ட எலும்பை வழி விலகாமல் துளைத்துச் சென்றாலன்றி அதைத் தொடாது. பக்கவாட்டில் செவித் துளையை நோக்கிச் சுட்டாலோ வழி குறுகியது, எலும்பும் மெலிந்தது. ஆகவே யானையின் பக்கம் கிடைக்கும் வரை காத்திருக்கும் பொறுமையுள்ளவனுக்கு .405 உதவலாம், எதிர்த்து வரும் யானையை நேருக்கு நேர் நிறுத்த வேண்டியவனுக்கு அது துணை நிற்காது. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டு இறங்கிய ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, சிங்கங்களுக்கு .405ஐ மனமாரப் புகழ்ந்து பயன்படுத்தினார். யானைக்கென்று அவர் உடன் எடுத்துச் சென்றது ஆங்கிலேயர் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி. அவர் செய்த பிரிவினை மிகச் சரியானது.

புலியின் விஷயம் வேறு. இருநூறு கிலோ எடையுள்ள அப்பிராணிக்குத் தடித்த தோலும் இல்லை, காற்றறை மண்டையும் இல்லை. ஆழத்தைக் காட்டிலும் பட்ட இடத்தில் குண்டு விரிந்து பெரும் சேதம் விளைவிப்பதே அங்கு அவசியம். அதற்கென்று முனையில் ஈயம் வெளியே தெரியும்படி செய்த குண்டுகள் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் பட்டாளத்துக்காகச் செய்த அத்தகைய குண்டு, யுத்தத்தில் கூடாதென்று 1899இல் ஹேக் மாநாட்டில் விலக்கப்பட்டது. வேட்டையிலோ அந்த வகை இன்றியமையாததாயிற்று. யானைக்கும் காட்டெருமைக்கும் அதற்கு நேர்மாறாக, முனை வரை செம்பாலோ எஃகாலோ உறையிட்ட, நசுங்காத குண்டு வேண்டும். ஒரே துப்பாக்கிக்கு இவ்விரு தோட்டாக்களும் உண்டாதலால், கையில் எது ஏறியிருக்கிறது என்பதை மறந்தவனுக்குச் சரியான குழல் விட்டமும் பயன்படாது. காலிபரை, அதாவது குழல் விட்டத்தைப் பற்றி நடந்த விவாதங்களில் பாதி, உண்மையில் குண்டின் அமைப்பைப் பற்றி நடந்திருக்க வேண்டியவை என்பது என் துணிபு.

துப்பாக்கியின் பின்புறத்தில் நிற்கும் மனிதனும் கணக்கில் சேர்ந்தவன். .405 துப்பாக்கி எட்டுப் பவுண்டை ஒட்டிய எடையுடையது. கட்டையின் முனையில் வளைந்த எஃகுத் தகடு. பட்டாளத்து .303ஐப்போல் ஏறக்குறைய இருமடங்கு உதைக்கும் அது, அந்த உதை முழுவதையும் தகட்டின் இரு கொம்புகள் வழியே தோளில் இறக்கும். .470 அதனினும் வலியதாயினும், பத்துப் பதினொரு பவுண்டு எடையும் அகன்ற ரப்பர்த் திண்டும் உதையைப் பரவலாக்கிவிடுகின்றன. உதைக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். குண்டு ஒரு சாண் விலகும். பிழைபடாமல் சுடக்கூடிய விட்டங்களில் பெரியது எதுவோ அதுவே ஒருவனுக்குரிய விட்டம்.

ஆண்டர்சனின் தேர்வை இக்காட்டோடு பொருத்திப் பார்த்தால் நியாயம் விளங்குகிறது. மூங்கிற் புதரின் நடுவே இருபது முப்பது கெஜத்துக்கு மேல் எதுவும் தெரியாத இடத்தில், நெடுந்தூரம் நேராகப் பாயும் குண்டால் என்ன லாபம்? அங்கு வேண்டியது கனத்த முதல் அடியும், முகத்திலிருந்து துப்பாக்கியை எடுக்காமலே விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வசதியும். அவர் முக்கியமாகத் தேடிச் சென்றவை ஆட்கொல்லிப் புலிகளும் சிறுத்தைகளும். யானையைச் சுடுவதற்கோ 1873ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் காரணமாகவே பெரிய தடை இருந்தது. கொலைகாரன் என்று அரசாங்கம் பறைசாற்றிய தனி யானையை மட்டுமே சுட அனுமதி கிடைக்கும்.

அந்தப் புலிகள் ஆட்கொல்லிகள் ஆனதன் காரணத்தை அவர் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முள்ளம்பன்றியின் முள் ஒரு காரணம். அதைவிட வேதனையான மற்றொன்று, நாட்டுத் துப்பாக்கியின் ரவை. வாய்வழியே கரிமருந்தைக் கெட்டித்து, கிடைத்த ஈயத் துண்டுகளைப் போட்டு, காவல் பரணிலிருந்து இருட்டில் சுடும் அந்த ஆயுதம், காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் உரியது. எட்டு மில்லிமீட்டர் ரவை ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்குப் பின்னால் இருப்பது ஆறு கிராம். புலியின் தோள் எலும்பில் அது நின்றுவிடும், யானையின் காலில் சீழ் வைக்கும். உடனே சாகாமல் நொண்டியாகிப் போன பிராணி, வலியோடும் பசியோடும் பல மாதங்கள் அலைந்து கடைசியில் மனிதனிடம் வருகிறது. ஆழம் செல்லாத குண்டின் கொடுமை இதுதான். அதன் விலையைச் சுட்டவன் அல்ல, விறகு பொறுக்கப் போன பெண்ணும் மாடு மேய்த்த சிறுவனுமே கொடுத்தார்கள். பெருவேட்டைத் துப்பாக்கியின் காலிபர் பற்றிய கேள்வியை நான் இத்தனை பொருட்படுத்துவதற்கும் காரணம் அதுவே.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் வாயிலை அடைத்தது. பென்னாகரத்தைச் சுற்றிய காடுகளின் பெரும்பகுதி காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்னும் இரு சரணாலயங்களாக 2014இலும் 2022இலும் அறிவிக்கப்பட்டது. அதன் பின்பும் யானை வயலுக்கு வரத்தான் செய்கிறது. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு அருகே பயிர்களை அழித்துவந்த, கொம்பில்லாத ஆண் யானையான மக்னா ஒன்றை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, சின்னத்தம்பி என்னும் கும்கி யானையின் துணையோடு லாரியில் ஏற்றி, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஊசியைச் செலுத்தும் துப்பாக்கிக்கும் குழல் விட்டம் உண்டு. வழக்கிலுள்ளவை 11 மில்லிமீட்டரும் 13 மில்லிமீட்டரும். அழுத்திய வாயுவால் உந்தப்படும் அந்தச் சிற்றூசிக் குப்பி, வெறும் தோலோடு நின்றுவிட்டால் மருந்து வீணாகும். மிகுந்த வேகத்தில் தாக்கினால் தசை சிதையும். பெருவேட்டைக்காரர்கள் ஆழத்தைக் கூட்டுவதற்காக ஒரு நூற்றாண்டு உழைத்தார்கள்; இன்று பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அத்துப்பாக்கியை ஏந்தும் கால்நடை மருத்துவர், யானைத் தோலின் கனத்தையும் தூரத்தையும் கண்ணால் அளந்து, ஊசி தொடையின் சதைக்குள் இறங்கி அங்கேயே நிற்கும்படி வாயுவின் அழுத்தத்தைத் திருகி வைக்கிறார்.