முப்பது கிலோமீற்றரும் அறுபது மீற்றரும்

பேர்ண் நகரின் பெத்லெஹெம் பகுதியில், லிப்ட் வைத்த அடுக்குமாடியில் நெடுங்காலம் இருந்த குடும்பம் ஒன்று எம்மென்டால் பக்கம் போக முடிவெடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாங்க்னாவுக்கு மேலே மலைச்சரிவில், பழைய பண்ணைவீடு ஒன்றின் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கத்தரியும் பச்சைமிளகாயும் வைக்க ஒரு துண்டு நிலமும் உண்டு. இனி வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோக ஒரு கம்பனி பிடிக்க வேண்டும். தொலைபேசியில் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "முப்பது கிலோமீற்றர்தானே, எவ்வளவு எடுப்பீங்கள்?"

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இந்தக் கேள்வியிலேயே கொஞ்ச நேரம் இருப்போம். வீடு மாறுகிற எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணம் இதற்குள் இருக்கிறது: தூரம் கூடினால் கூலி கூடும், தூரம் குறைந்தால் கூலி குறையும் என்ற எண்ணம். விமானச் சீட்டும் ரயில் சீட்டும் வாங்கிப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வீடு மாற்றும் கம்பனியிடம் நாம் வாங்குவது பயணத்தை அல்ல, ஆட்களின் நேரத்தை. மூன்று நான்கு பேர், ஒரு லொறி, அவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அந்த மணிகளில் பெரும்பகுதி சாலையில் போவதில்லை. படியிலும் நடைபாதையிலும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கரை அறை வீடு. பெட்டிகளும் தளபாடங்களுமாக 150 நடை என்று வையுங்கள். புது வீட்டு வாசல்வரை லொறி போகாது, 60 மீற்றர் தள்ளித்தான் நிறுத்த முடியும். ஒவ்வொரு நடைக்கும் போகவர 120 மீற்றர். மொத்தம் 18 கிலோமீற்றர். சுமையோடு மணிக்கு 4 கிலோமீற்றர் நடந்தால் நாலரை மணி நேர உழைப்பு. அதை நான்கு பேருக்குப் பங்கிட்டாலும் அணி முழுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சுவிஸ் நெடுஞ்சாலையில் பார லொறி ஓடக்கூடிய வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். ஆக, வாசலுக்கு முன் இருக்கும் அந்த 60 மீற்றர், சாலையில் 80 கிலோமீற்றருக்குச் சமமாகச் செலவு வைக்கிறது. பேர்ணிலிருந்து லாங்க்னாவுக்குப் போய்வரும் தூரமே அதைவிடக் குறைவு.

படிக்கட்டு இன்னொரு கதை. பெத்லெஹெமில் எட்டாம் மாடியில் இருந்தாலும் லிப்ட் இருக்கிறது, கதவுகள் ஒரே அளவு. எம்மென்டால் பண்ணைவீடு இரண்டே தளம்தான், ஆனால் படி ஒடுங்கியது, திருப்பத்தில் கூரை தாழ்ந்து வரும். நம் வீடுகளில் இருக்கும் மூன்று கதவு அலுமாரியை அந்தத் திருப்பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் நடப்பது இது: கீழே இருப்பவர் தோளால் தாங்குவார், மேலே இருப்பவர் விரல் நுழைய இடம் தேடுவார், மூன்றாமவர் கைப்பிடிக் கம்பியைக் கழற்ற முடியுமா என்று பார்ப்பார். பத்து நிமிடத்தில் அலுமாரி திரும்பக் கீழே வரும். பிறகு அதைப் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டும், அல்லது ஜன்னலுக்கு வெளியே நிறுத்தும் தளபாட லிப்டை வரவழைக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு.

இது புரிந்துவிட்டால், நல்ல கம்பனி ஏன் வீட்டைப் பார்க்க வருகிறது என்பதும் புரியும். கலியாணச் சமையலுக்கு வருபவர் எத்தனை பேருக்கு என்று கேட்காமலே விலை சொன்னால் நாம் நம்புவோமா? அப்படித்தான், பார்க்காமல் சொல்லும் விலையும். பார்வையிட வருபவரைக் கெல்லர் என்ற நிலவறைக்கும் அழைத்துப் போங்கள். நாம் மறப்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்: ஆழ்குளிர்பெட்டி, திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் பெரிய அலுமினியச் சட்டிகள், கிரைண்டர், பிள்ளைகளின் பழைய சைக்கிள். புது வீட்டின் படியையும் வாசல் பாதையையும் படம் எடுத்து, அகலத்தை அளந்து காட்டுங்கள். சாமான்களை மட்டும் காட்டி, போய்ச் சேரும் இடத்தைக் காட்டாமல் விடுவதுதான் பலரும் செய்வது.

எந்த ஊர்க் கம்பனி நல்லது? நாட்டுப்புறம் போவதென்றால், போகிற ஊர்ப் பக்கத்துக் கம்பனி ஒன்றிடமும் கட்டாயம் விலை கேளுங்கள் என்பேன். எந்த ஒழுங்கையில் பெரிய லொறி ஏறும், எந்தப் பாலத்தில் எடைக் கட்டுப்பாடு, பெப்ரவரியில் எந்தச் சரிவில் சங்கிலி மாட்டாமல் போக முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நகரக் கம்பனி அன்று காலைதான் அதைக் கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்புக்கும் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கம்பனி பதிவு பெற்றதா என்பதை செஃபிக்ஸ் என்ற அரசுப் பட்டியலில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்தது விலைக் கடிதம், இங்கே எல்லோரும் ஒஃபெர்ட்டே என்று சொல்வது. அதில் தொகையைப் பார்க்குமுன் அது எந்த வகைத் தொகை என்று பாருங்கள். வெறும் மதிப்பீடு என்றால், முடிவில் எத்தனை மணி ஆனதோ அத்தனைக்கும் காசு. கொஸ்டன்டாக் என்று எழுதியிருந்தால் அது உச்சவரம்பு: வேலை சீக்கிரம் முடிந்தால் குறைவாகக் கொடுப்போம், இழுத்தாலும் அந்தத் தொகையைத் தாண்டாது. பௌஷால் என்றால் கூடவும் குறையவும் செய்யாத ஒரே தொகை. பாதை தெரியாத நாட்டுப்புற வீட்டுக்கு நான் உச்சவரம்பையே விரும்புவேன். ஆனால் அது சொன்ன சாமான்களுக்கும் சொன்ன பாதைக்கும் மட்டுமே செல்லும், கெல்லரை மறைத்துவிட்டுப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டு வாதிட முடியாது. மணிக்கணக்கு அவர்களின் கொட்டகையிலிருந்து தொடங்குகிறதா, நம் வாசலிலிருந்தா என்று கேளுங்கள். 8.1 வீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா என்றும், நகரத்தில் லொறி நிறுத்த இடம் ஒதுக்க யார் பொலிசிடம் சொல்வது என்றும் கேளுங்கள்.

நாளும் விலையை மாற்றும். சுவிஸில் வீட்டை விட மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். அதுவும் வழக்கமான தவணை நாட்களுக்குத்தான்: பேர்ண் நகரில் ஏப்ரல், ஒக்டோபர் முடிவு, சூரிச்சில் மார்ச், செப்ரெம்பர் முடிவு. பல ஒப்பந்தங்கள் மற்ற மாத முடிவுகளையும் அனுமதிக்கின்றன, உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். ஊரே அந்தத் தவணை நாட்களில் மாறுவதால் கம்பனிகள் நிறைந்திருக்கும். இரண்டு வீட்டு வாடகையும் ஓரிரு வாரம் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு ஒழுங்குபண்ண முடிந்தால், மாத நடுவில் ஒரு வார நாளில் நிதானமாக மாறலாம். ஞாயிறு வேண்டாம். 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு அன்று ஓடத் தடை.

நண்பர்களை வைத்தே மாறலாமே என்று கேட்பீர்கள். வாடகை வான் ஒன்று, ஆறேழு பேர், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் என்று நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகள் அப்படித்தான் மாறியிருக்கின்றன. அந்த உதவியின் பெறுமதி பெரிது. பெட்டிகள் மட்டும் என்றால் இன்றும் அதுவே போதும். ஆனால் ஒடுங்கிய படியில் உறைபெட்டியைத் தூக்கும் வேலையை, முதுகு நோவோடு உணவகத்தில் நின்று வேலை செய்யும் ஒருவரிடம் கேட்க எனக்கு மனம் வராது. பெட்டிகளை நாமே நண்பர்களோடு கொண்டுபோய், பாரமானதை மட்டும் கம்பனியிடம் விடுவது நல்ல வழி.

புது ஊருக்கு மாறியதும் அங்குள்ள கிமைண்டே (உள்ளூராட்சி) அலுவலகத்தில் 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. தெரியாதது ஒன்று உண்டு: குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு, ஒரே கன்ரோனில் 2 முதல் 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்ற விதி கன்ரோனுக்குக் கன்ரோன் வேறுபடுகிறது, கிமைண்டேயும் தன் பங்குக்கு ஆண்டுக் கணக்குக் கேட்கலாம். வீட்டை விட எழுதிக் கொடுக்குமுன் இதை விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, சாமான் இறக்கி முடிந்த மாலை. எல்லோரும் களைத்திருப்பார்கள். அணித்தலைவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார், பல இடங்களில் காசையும் அங்கேயே கேட்பார்கள். இங்குள்ள கடப்பாட்டுச் சட்டத்தின் 452ஆம் பிரிவு சொல்வது இது: எந்த ஆட்சேபமும் எழுதாமல் சாமானை ஏற்றுக் கூலியையும் கொடுத்துவிட்டால், ஏமாற்றோ பெரும் கவனக்குறைவோ இருந்தாலொழிய கம்பனியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். ஆகவே மேசைக்கால் உடைந்திருந்தாலும் சுவரில் கீறல் விழுந்திருந்தாலும், படம் எடுத்து, அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். இழப்பீடும் பொருளின் அன்றைய பெறுமதிக்குத்தான் கிடைக்கும், புதுவிலைக்கு அல்ல. நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலான கம்பனிகள் பொறுப்பேற்பதில்லை. அதனால் கண்ணாடிப் படங்களையும் பீங்கானையும் அவர்களைக் கொண்டே கட்டுவிப்பது நல்லது.

வெளியே தெரியாத சேதத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. கண்ட உடனே அறிவிக்க வேண்டும், எப்படியும் இறக்கிய நாளிலிருந்து எட்டு நாளைத் தாண்டக் கூடாது. கம்பனியின் நிபந்தனைகளில் இதைவிடக் குறுகிய நாட்கள்கூட இருக்கலாம், பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். அறிவிப்பை எழுத்தில் அனுப்புங்கள். நம் வீடுகளில் பால் காய்ச்சிச் சாமி அறையையும் சமையலறையையும் ஒழுங்குபண்ணியதும் மற்றப் பெட்டிகள் மாதக்கணக்கில் கிடக்கும். உடையக்கூடியது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கட்டும்போதே பெரிய எழுத்தில் எழுதி, முதல் வாரத்தில் அவற்றை மட்டுமாவது பிரித்துப் பார்த்துவிடுங்கள்.